ஒன்பது வெள்ளி உப்பு

மூன்றாந் தண்ணீரின் முடிவைச் சொல்ல அகீல் எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறான் என்று றம்லா போனில் சொன்னதும், மார்ஜரி இருக்கிறதில் நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு அலுவிகாரையிலிருந்து ஏழரை மணி பஸ்ஸைப் பிடித்தாள். பலாபத்வலயில் இறங்கி, தோல் கொம்பனி ஒழுங்கைக்குள் திரும்பியபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாந் தண்ணீர் என்பது அந்த ஆறு வீட்டுக்காரர்களும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர். மார்ஜரியின் வீட்டுக் கொல்லையில்தான் ஆறு வீட்டுக்கும் பொதுவான கிணறு இருக்கிறது. அதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் எடுத்துப் பரிசோதிப்பார்கள். அடுத்தடுத்து மூன்று முறை தேறிவிட்டால் கிணற்றின்மேல் பூட்டியிருக்கும் இரும்பு வலை கழற்றப்படும், வீட்டுச் சாவிகளும் திரும்பக் கிடைக்கும். முதலாந் தண்ணீர் தேறிவிட்டது. இரண்டாந் தண்ணீரும் தேறிவிட்டது.

கொம்பனி மூடி எட்டு வருடம். தோல் பதனிடுகிற குரோமியம் கிணற்றில் கலந்திருக்கிறது என்று தெரிந்து, ஆறு வீட்டுக்காரரையும் வெளியேற்றி ஆறு வருடம். முதல் நாலு வருடம் கடிதம் எழுதுவதிலேயே போனது. பிறகுதான் இயந்திரங்கள் வந்தன. நிலத்தைத் தோண்டத் தோண்ட, நீலமும் பச்சையுமாக மண் வந்தது. அதைத் தடித்த பொலித்தீன் விரித்த லொறிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு நிலத்தில் குழாய்களை இறக்கி, அடியிலிருக்கிற தண்ணீரை மேலே இறைத்து, பெரிய தொட்டிகளில் மருந்து கலந்து, பச்சைச் சேறு கீழே படிந்த பின்பு தெளிந்த தண்ணீரை மட்டும் விட்டார்கள். இரண்டு வருடமாக இரவு பகல் நிற்காமல் மோட்டார் ஓடியது. அந்தச் சத்தம் கேட்டால்தான் மார்ஜரிக்கு நம்பிக்கை வரும்.

அகீல் மாத்தளைப் பையன். இரசாயனம் படித்துவிட்டு இந்தச் சுத்திகரிப்பு வேலைக்குப் பொறுப்பாக வந்தவன். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தகரக் கொட்டகையின் கீழ் எல்லோரும் உட்கார்ந்த பிறகு அவன் கையிலிருந்த தாளை இரண்டு தரம் பார்த்தான்.

"குரோமியம் நல்லா இருக்கு. எல்லைக்கு ரொம்பக் கீழ."

யாரோ கை தட்டப் போனார்கள். அகீல் கையை உயர்த்தி நிறுத்தினான்.

"ஆனா உப்பு கூடியிருக்கு. போன தடவை அறுபத்திரெண்டு. இப்ப முந்நூத்தித் தொண்ணூறு."

"உப்புத்தானே?" என்றாள் றம்லா. மார்ஜரியின் பக்கத்து வீட்டுக்காரி. "நல்லதாப் போச்சி. இனி சோத்துக்கு வேறயா உப்புப் போடத் தேவல்ல."

சிரிப்பு எழுந்து அடங்கியது. அகீல் சிரிக்கவில்லை.

"இந்தக் கொம்பனியில தோல ஊற வெக்க மூட்டை மூட்டையா உப்புக் கொட்டியிருக்காங்க. நிலத்துக்கு அடியில உப்பு சுறுக்கா நடக்கும். குரோமியம் மெதுவாத்தான் வரும். உப்பு வந்துட்டுதுன்னா, நாங்க தோண்டாத எடத்துல இன்னும் ஏதோ இருக்கு, அது பின்னால வந்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம்."

"மாப்பிள்ளைக்கு முன்னுக்கு றபான் அடிச்சிக்கிட்டு வார மாதிரி" என்றாள் றம்லா. இந்தத் தடவை அவள் குரலில் விளையாட்டு இல்லை.

"கிணத்துக்கும் கொம்பனிக்கும் நடுவுல அஞ்சாம் நம்பர் குழாய் இருந்தது. போன மழையில மண் சரிஞ்சு அது அடைபட்டுப் போச்சு. அது இருந்திருந்தா உப்பு எந்தப் பக்கத்தால வருதுன்னு பாத்திருக்கலாம். இப்ப வழியில்ல. வார வியாழக்கிழமை கொழும்பிலருந்து குழு வருது. கொம்பனிக் காணிக்கு இந்தப் பக்கமும் தோண்டணும்னுதான் சொல்லுவாங்க."

"இந்தப் பக்கம்னா?"

"ஆறு வீடும்."

அதற்குப் பிறகு ஒரே சத்தம். வேறு இடத்தில் காணி தருவார்கள் என்று அகீல் சொன்னது யார் காதிலும் விழவில்லை. மார்ஜரி மட்டும் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த உப்பைப் போட்டவள் அவள்தான்.

மாத்தளைக் கத்தோலிக்கக் கோயிலில் வெள்ளிக்கிழமை ஆராதனைக்குப் போகிறவர்கள் தண்ணீர்ப் போத்தலும் உப்பும் கொண்டுபோய்ப் பீடத்தடியில் வைப்பார்கள். சாமியார் ஆசீர்வதித்துக் கொடுப்பார். வீட்டு வாசலில் ஒரு சிட்டிகை, பிள்ளையின் தலைமாட்டில் ஒரு சிட்டிகை என்று அதைப் பக்குவமாக வைத்திருந்து தூவுவார்கள். மூன்றாந் தண்ணீர் தேற வேண்டும் என்று மார்ஜரி ஒன்பது வெள்ளி நேர்ந்துகொண்டாள். முதல் வெள்ளி வலைக்கு மேலே நின்று ஒரு சிட்டிகை எடுத்தவளுக்கு மனம் கேட்கவில்லை. இத்தனை பெரிய கிணற்றுக்கு ஒரு சிட்டிகையா, கடவுளிடம் போய்க் கஞ்சத்தனம் பண்ணுவதா என்று நானூறு கிராம் பக்கெட்டைக் கிழித்து அப்படியே கவிழ்த்துவிட்டாள். ஒன்பது வெள்ளியும் அப்படித்தான்.

கிணறு திறந்தால் ஒஸ்வல்ட் வீட்டுக்கு வருவார். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஒஸ்வல்ட் அவள் புருஷன். இருபத்திரண்டு வருடம் தோல் கொம்பனியில் மேற்பார்வையாளர். கழிவை எந்தக் குழியில் கொட்டுவது என்று முதலாளி சொல்லுவார். ஆட்களை வைத்துக் கொட்டுவது ஒஸ்வல்ட். அவருடைய இரண்டு கைகளிலும் குரோமியம் தின்ற குழிகள் இப்போதும் இருக்கின்றன. கிணற்றின் ரிப்போர்ட் வந்த அன்று றம்லா, தன் பிள்ளையின் கையிலிருந்த புண்ணைக் காட்டி, "ஒங்க கையாலதானே கொட்டினீங்க" என்று ஊர் கேட்கக் கேட்டாள். அடுத்த நாள் விடிய ஒஸ்வல்ட் ஒரு பையை எடுத்துக்கொண்டு கலேவெலவில் இருக்கிற தங்கை ஷிரானியின் வீட்டுக்குப் போய்விட்டார். "அந்தத் தண்ணிய மனுஷர் குடிக்கிற அன்னைக்குத்தான் வருவேன்" என்பது அவருடைய பேச்சு. அலுவிகாரையில் மார்ஜரி வாடகைக்கு இருக்கிற அறைக்குக்கூட அவர் வந்ததில்லை. அவள்தான் மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே போவாள். சாப்பிட்டு, பேசிக்கொண்டிருந்துவிட்டு, பின்னேர பஸ்ஸில் திரும்பி வருவாள். ஆறு வருடமாகப் புருஷன் வீட்டுக்கு விருந்தாளியாகப் போய் வருகிற பெண்பிள்ளை மாத்தளையில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மறுநாள் காலை மார்ஜரி அகீலின் அறைக்குப் போய், உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் பொறுமையாகக் கேட்டான்.

"நேத்திலருந்து நீங்க நாலாவது ஆள், ஆன்ட்டி."

"என்ன தம்பி?"

"ஒருத்தர் ஆட்டு மூத்திரம்னு சொன்னார். ஒருத்தர் கருவாட்டு லொறி கழுவினதுன்னு சொன்னார். இன்னொரு ஆள் நான் மாத்தி எழுதிட்டேன்னு சொல்லுறார். வீடு போகப் போகுதுன்னா யாருக்கும் மனசு கேக்காது. எனக்கு வெளங்குது."

"நான் பொய் சொல்லல."

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல. ஆனா தாள்ல என்னத்த எழுதுறது? ஆன்ட்டி சொன்னாங்கன்னு எழுதவா?"

மார்ஜரி கைப்பையைத் திறந்தாள். கடைசிப் பக்கெட்டின் வெறும் உறை உள்ளே மடிந்து கிடந்தது. ஆசீர்வதித்த உப்பின் உறையைக் குப்பையில் போட அவளுக்கு மனம் வரவில்லை. அகீல் அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தான். ஓர் இடத்தில் அவன் பெருவிரல் நின்றது.

"அயடின் சேர்த்த உப்பு" என்று வாசித்தான். பிறகு கதிரையை இழுத்துப் போட்டான். "இருங்க ஆன்ட்டி."

கடை உப்பில் அயடின் இருக்கும், கிணற்றில் விழுந்தது கடை உப்புத்தான் என்றால் கிணற்றுத் தண்ணீரிலும் அது இருக்க வேண்டும் என்று அவன் விளக்கினான். "ஆனா கொம்பனியும் அயடின் உப்பைத்தான் போட்டிருந்தா ரெண்டுக்கும் வித்தியாசம் இல்ல. அவங்க என்ன உப்புப் போட்டாங்கன்னு யாருக்குத் தெரியும்? முதலாளி ஒரு தாளும் மிச்சம் வெக்கல. உப்பைக் கையால அள்ளின ஆள் வந்து, உப்பு அறை இருந்த எடத்தக் காட்டினா தோண்டிப் பாக்கலாம். அப்படி யாராவது இருக்காங்களா?"

மார்ஜரி சேலைத் தலைப்பைச் சுருட்டினாள், விரித்தாள்.

"ஒரு ஆள் இருக்கார்" என்றாள்.

*

ஞாயிற்றுக்கிழமை இல்லாத நாளில் அவள் வந்து நின்றதைக் கண்டதும் ஒஸ்வல்ட் எழுந்துவிட்டார். கலேவெலச் சந்தையில் மரக்கறி நிறுக்கிற வேலை அவருக்கு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்.

"மூணாந் தண்ணியா?"

"தேறல்ல."

அவர் மறுபடி உட்கார்ந்தார். "எனக்குத் தெரியும். நான் கொட்டினது அப்படி லேசுல போகாது."

"நீங்க கொட்டினது இல்ல. இது நான் கொட்டினது."

அவள் சொல்லச் சொல்ல ஒஸ்வல்ட் சோற்றில் கையை வைத்தபடி இருந்தார். ஒன்பது பக்கெட் என்றதும் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று மார்ஜரி பயந்துபோனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஆறு வருடத்தில் அவள் பார்க்காத சிரிப்பு.

"இருவத்திரெண்டு வருஷம் பீப்பாய் பீப்பாயா கொட்டினேன், ஒருத்தனும் புடிக்கல. நீ ஒம்போது பக்கெட்ல மாட்டிக்கிட்டியே."

குசினியிலிருந்து ஷிரானி குரல் கொடுத்தாள். "அண்ணி மீன் கொழம்புக்கும் அப்படித்தான் அள்ளிப் போடுவாங்க. நாங்க ஒண்ணும் சொல்றதில்ல."

மார்ஜரி சிரிக்கவில்லை. அகீல் கேட்டதைச் சொன்னாள். ஒஸ்வல்ட்டின் முகம் பழையபடி மூடிக்கொண்டது.

"எழுதித் தாரேன். கொண்டு போய்க் குடு."

"எழுதினது போதாது. எடத்தக் காட்டணும். வியாழக்கிழமைக்கு முன்ன."

"றம்லா இருப்பா."

"இருப்பா. அவ வீடும்தானே இடிபடப் போகுது."

"தண்ணி நல்லாகாம அந்த ஒழுங்கைக்குள்ள கால் வெக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன், மார்ஜரி."

"சொன்னீங்க. ஆறு வருஷமா அதையேதான் சொல்றீங்க. நானும் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்." அவள் குரல் உயரவில்லை. "நான் தண்ணிக்காக உப்புப் போட்டேன்னு நெனைக்கிறீங்களா? அந்தத் தண்ணி நல்லா இருந்தா என்ன, கெட்டா என்ன. நீங்க வரணும்னு போட்டேன்."

ஒஸ்வல்ட் கையைக் கழுவ எழுந்தார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. குழாயடியில் வெகுநேரம் நின்றார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. மார்ஜரி பஸ் ஏறும்போது ஷிரானிதான் கூட வந்தாள்.

*

புதன்கிழமை எட்டு மணிக்கே மார்ஜரி பலாபத்வலச் சந்தியில் போய் நின்றாள். முதல் பஸ்ஸில் அவர் இல்லை. இரண்டாவது பஸ்ஸிலும் இல்லை. மூன்றாவது பஸ்ஸில் எல்லோரும் இறங்கிய பிறகு, மடிப்புக் கலையாத சட்டையோடு ஒஸ்வல்ட் இறங்கினார். ஒழுங்கையில் அவள் முன்னால் நடந்தாள். அவர் பின்னால் வந்தார். அவர் செருப்புச் சத்தம் நின்றுவிடுமோ என்று அவளுக்கு ஒவ்வோர் அடியிலும் பயமாக இருந்தது. அது நிற்கவில்லை.

கொம்பனி இருந்த இடத்தில் இப்போது ஒரு சுவர்கூட இல்லை. வாசல் தூண் மட்டும் நின்றது. ஒஸ்வல்ட் அதில் முதுகை வைத்து நின்று, பிறகு நேராக முப்பத்தெட்டு அடி எண்ணி நடந்து, இடப்பக்கம் ஒன்பது அடி வைத்து, "இதுதான் உப்பு அறை" என்றார். அகீலின் ஆட்கள் மண்வெட்டி போட்டார்கள். உடைந்த கொங்கிறீட் தளம் வந்தது. அதைப் பெயர்த்ததும், அடியில் சாம்பல் நிறத்தில் கற்கண்டு மாதிரி உப்புக்கட்டிகள் இறுகிக் கிடந்தன.

"புத்தளத்துக் கல்லுப்பு" என்றார் ஒஸ்வல்ட். "உப்பளத்திலருந்து நேரா லொறியில வரும். கடை உப்பு வாங்கினதே இல்ல. அது வெல கூட."

அதற்குள் ஆறு வீட்டு ஆட்களும் சேர்ந்துவிட்டார்கள். றம்லா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மார்ஜரி ஒஸ்வல்ட்டின் பக்கத்தில் போய் நின்றாள். றம்லா ஒஸ்வல்ட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு போத்தலை நீட்டினாள்.

"தண்ணி குடிங்க. பயப்படத் தேவல்ல, கடையில வாங்கினதுதான்."

அவர் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

"அன்னைக்கு நீ சொன்னது சரிதான், றம்லா."

"சரின்னுதான் நானும் சொன்னது. ஆனா திட்டினா, திட்டு வாங்குற ஆள் எதிர்ல ஈக்கணும். நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. நான் ஆறு வருஷமா செவரப் பாத்துத் திட்டிக்கிட்டீக்கிறேன்."

ஒஸ்வல்ட் போத்தலைத் திறந்து ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார்.

அகீல் கிணற்றிலிருந்து பத்து லீற்றர் தண்ணீர் எடுத்துவந்து, காஸ் அடுப்பில் பெரிய சட்டியை வைத்துக் காய்ச்சத் தொடங்கினான். தண்ணீர் முழுவதும் வற்றினால் அடியில் உப்பு நிற்கும், அதைச் சோதிக்கலாம் என்பது அவன் கணக்கு. ஒன்றரை மணி நேரமாயிற்று, பாதிதான் வற்றியிருந்தது. எல்லோரும் அடுப்பைச் சுற்றிக் குந்திக்கொண்டு, கல்யாண வீட்டுச் சோற்றைப் பார்க்கிற மாதிரி சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளற வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். அடிப்பிடிக்கும், நெருப்பைக் குறை என்று றம்லா உத்தரவு போட்டாள். அகீல் குறைத்தான்.

மத்தியானம் தாண்டியபோது சட்டியின் அடியில் ஒரு தேக்கரண்டி அளவு வெள்ளைப் பொடி மிஞ்சியது.

கடைகளில் உப்பைச் சோதிக்கச் சுகாதாரப் பரிசோதகர்கள் வைத்திருக்கும் சின்னப் போத்தல் ஒன்றை அகீல் வாங்கி வைத்திருந்தான். மூன்று வெள்ளைத் தட்டுகளை வரிசையாக வைத்தான். முதல் தட்டில் கடை உப்பு. ஒரு சொட்டு விட்டதும் அது கத்தரிப்பூ நிறமானது. இரண்டாவதில் ஒஸ்வல்ட் காட்டிய கல்லுப்பின் தூள். சொட்டு விழுந்தது, ஊறியது, சாம்பல் சாம்பலாகவே இருந்தது. மூன்றாவது தட்டில் கிணற்று உப்பு.

சொட்டு விழுந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

மார்ஜரி கண்ணை மூடிக்கொண்டாள். உலகத்தில் எந்தப் பெண்ணும் தான் செய்த பிழை நிரூபணமாக வேண்டும் என்று இப்படி வேண்டியிருக்க மாட்டாள்.

"ஆன்ட்டி" என்றான் அகீல். "பாருங்க."

தட்டின் நடுவில் மெல்லிய ஊதா, மை ஊறுகிற மாதிரி மெதுவாகப் பரவிக்கொண்டிருந்தது.

றம்லாதான் முதலில் பேசினாள். "அக்காட உப்புத்தான்." யாரோ சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "ஊரையே கதிகலங்க வெச்சிட்டாங்களே" என்று முணுமுணுத்தது. மார்ஜரி எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்துகொண்டாள்.

கண்டி ஆய்வுகூடத்துக்கும் அனுப்ப வேண்டும், ஆனால் நாளைக்குக் குழுவிடம் சொல்ல இது போதும், வீடுகளில் இப்போதைக்குக் கை வைக்க மாட்டார்கள் என்றான் அகீல். பிறகு தொண்டையைச் செருமினான். "கிணத்த முழுசா இறைச்சுப் போட்டு, முதலாந் தண்ணியிலருந்து திரும்பத் தொடங்கணும். மூணு தரம்."

"ஒம்போது மாசம்" என்றாள் றம்லா. மார்ஜரியின் பக்கம் திரும்பினாள். "அது வரைக்கும் ஒங்கட கையில ஒரு பூட்டுப் போட்டுத்தான் வெக்கணும், அக்கா."

ஒன்பது மாதம். மார்ஜரி ஒஸ்வல்ட்டைப் பார்க்கவில்லை. பார்த்தால், தண்ணீர் நல்லாகட்டும் என்ற பழைய பேச்சு அவர் முகத்தில் எழுதியிருக்கும் என்று நினைத்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு அவர் பூட்டியிருக்கிற தங்கள் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். "கூரையில ரெண்டு ஓடு போயிருக்கு" என்றார். "மழைத் தண்ணி உள்ளுக்குப் போகும்."

"போகுது" என்றாள் மார்ஜரி.

இருவரும் சந்திக்கு வந்தபோது ஐந்தரை தாண்டிவிட்டது. சாலைக்கு அந்தப் பக்கம் அலுவிகாரை வழியாக மாத்தளைக்குப் போகிற பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. அவளுக்கு அவற்றில் ஏற மனம் வரவில்லை. அவரை அனுப்பிவிட்டுப் போகலாம் என்று நின்றாள்.

கலேவெல பஸ் வந்தது. நடத்துனர் வாசலில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயரை இழுத்துக் கூவினான். ஒஸ்வல்ட் படியில் ஒரு காலை வைத்தார். வைத்த காலை எடுக்காமலே திரும்பினார்.

"இதுக்குப் பிறகு வேற பஸ் இருக்கா?"

அதுதான் அன்றைக்குக் கடைசி பஸ். ஆறு வருடமாக அந்தப் பாதையில் போய் வருகிற மார்ஜரிக்கு அது தெரியும். கலேவெல பஸ் நிலையத்தடிச் சந்தையில் நாள் முழுக்க நிற்கிற ஒஸ்வல்ட்டுக்கும் தெரியும்.

"இருக்கு" என்றாள் அவள்.

ஏறப் போகிறாரா இல்லையா என்று நடத்துனர் சிங்களத்தில் கேட்டான். ஒஸ்வல்ட் காலை எடுத்துக் கீழே வைத்து, போகச் சொல்லிக் கையசைத்தார். பஸ் திரும்பிக் கலேவெலப் பாதையில் ஏறி மறைந்தது.

வராத பஸ்ஸுக்காக அவர்கள் இருவரும் வெகுநேரம் அங்கேயே நின்றார்கள். இரண்டு பேரில் ஒருவரும் மணி பார்க்கவில்லை.